சாவியை வாங்குமுன் சான்றிதழைக் கேளுங்கள்

வியாபாரிகளாகிய நாம் எதையும் சும்மா நம்பிவிடுவதில்லை. சீனி மூட்டை வந்தால் தராசில் ஏற்றிப் பார்க்கிறோம். துணிக் கட்டு வந்தால் பிரித்து அளக்கிறோம். புதிய ஆள் காசோலை தந்தால் அது வங்கியில் மாறிய பிறகுதான் சாமானை ஏற்றுகிறோம். ஆனால், வாடகைக்கு ஒரு காரையோ வேனையோ எடுக்கும்போது மாத்திரம் இந்த நிதானம் எங்கோ போய்விடுகிறது. "இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்கிறோம். "ஃபுல் இன்சூரன்ஸ் நானா, பயப்படாம கொண்டு போங்க" என்று பதில் வருகிறது. அத்துடன் நமது விசாரணை முடிந்துவிடுகிறது.

அந்த ஒரு வார்த்தையை நம்பி நாம் கையில் எடுப்பது ஐம்பது, அறுபது இலட்சம் ரூபா பெறுமதியான இன்னொருவருடைய சொத்தை. இந்த அளவு கடனை எவரும் நமக்கு வாய்ப்பேச்சில் தரமாட்டார்கள். நாமும் எவருக்கும் கொடுக்கமாட்டோம்.

இந்த விடயத்தை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருட காலத்தில் பழைய வாகனங்களின் விலையே பன்மடங்கு ஏறியது. இறக்குமதி திறந்த பிறகும் வரிகளைச் சேர்த்துப் பார்த்தால் சிறு வியாபாரிக்குப் புதிய வாகனம் எட்டாக்கனிதான். ஆகவே, சொந்தமாக வாங்குவதை விட்டு, தேவைக்கு வாடகைக்கு எடுக்கும் பழக்கம் நம்மிடையே கூடியுள்ளது. சம்மாந்துறையிலிருந்து புறக்கோட்டைக்குக் கொள்முதலுக்கு வரவும், கல்யாண வீட்டுக்கும், உம்ரா செல்பவர்களைக் கட்டுநாயக்காவில் இறக்கிவிடவும் வாடகை வேன்தான். மறுபக்கத்தில், கடையில் சும்மா நிற்கும் தமது வாகனத்தை நாள் வாடகைக்குக் கொடுத்து லீசிங் தவணையைச் சமாளிப்பவர்களும் நம்மவர்களே. இந்த இரு சாராருக்கும் இதில் பங்குண்டு.

முதலில் "ஃபுல் இன்சூரன்ஸ்" என்றால் என்னவென்று பார்ப்போம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் நம் ஒவ்வொருவரிடமும் கேட்பது மூன்றாம் நபர் காப்புறுதியை மட்டுமே. அதாவது, நமது வாகனத்தால் பாதையில் போகும் இன்னொருவருக்கு நேரும் மரணத்துக்கோ காயத்துக்கோ நட்டஈடு வழங்கும் ஏற்பாடு. வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது காப்புறுதிச் சான்றிதழைக் காட்டச் சொல்வது இதற்காகத்தான். நமது சொந்த வாகனத்துக்கு நேரும் சேதத்துக்கு இந்தக் காப்புறுதியிலிருந்து ஒரு சதமும் கிடையாது. அதற்கு முழுமைக் காப்புறுதி எடுக்க வேண்டும். அதைத்தான் நாம் "ஃபுல்" என்கிறோம். ஆனால் "ஃபுல்" என்ற சொல் பத்திரத்துக்கு நாம் வைத்த செல்லப் பெயர். பத்திரத்தின் உள்ளே அது முழுமையானதல்ல. எந்த வாகனம், யார் ஓட்டலாம், எதற்குப் பாவிக்கலாம், எது விலக்கு என்று எல்லை போட்டுத்தான் எழுதப்பட்டிருக்கும்.

சிலர் இன்னொரு எண்ணத்தில் இருக்கிறார்கள். "எனது சொந்தக் காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் கட்டுகிறேன், வாடகைக் காரை ஓட்டினாலும் அது என்னைப் பாதுகாக்கும்தானே" என்பது அந்த எண்ணம். அமெரிக்காவில் அப்படி ஒரு முறை உண்டு. அங்கே ஒருவர் தனது காருக்கு எடுத்த காப்புறுதி பெரும்பாலும் அவர் வாடகைக்கு எடுக்கும் காருக்கும் நீளும். அங்குள்ள உறவினர்கள் சொல்லக் கேட்டு இங்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே கூட, கார் கராஜில் நிற்கும் நாட்களுக்கு வாடகைக் கம்பனி கேட்கும் பணமும், விபத்துக்குப் பிறகு காரின் பெறுமதி குறைந்ததற்காகக் கேட்கும் பணமும் பல பத்திரங்களில் அடங்குவதில்லை. நமது நாட்டில் காப்புறுதி வாகனத்தின் மீதுதான் எழுதப்படுகிறது. வாகன இலக்கம், எஞ்சின் இலக்கம், செசி இலக்கம் எல்லாம் பத்திரத்தில் இருக்கும். வீட்டில் நிற்கும் உங்கள் காரின் பத்திரம், கடுகண்ணாவ மலையில் நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் வாடகை வேனின் சேதத்துக்குப் பணம் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆக, வாடகை வாகனத்தின் சொந்தப் பத்திரம்தான் உங்களுக்கு இருக்கும் ஒரே குடை. அந்தக் குடையில் எத்தனை ஓட்டை என்பதுதான் கேள்வி.

பெரிய ஓட்டை, பாவனை பற்றிய வரி. சான்றிதழில் வாகனம் எதற்குப் பாவிக்கப்படுகிறது என்று குறிக்கப்பட்டிருக்கும். சொந்தப் பாவனை, அதாவது "பிரைவேட்" என்பது ஒரு வகை. சாரதியுடன் ஆட்களை ஏற்றி இறக்கும் "ஹயர்" இன்னொரு வகை. வாகனத்தை மட்டும் கொடுத்து, எடுப்பவர் தானே ஓட்டிச் செல்லும் "ரென்ட்" வேறொரு வகை. ரென்ட் வாகனத்தை இன்று ஒருவர் ஓட்டுவார், நாளை வேறொருவர் ஓட்டுவார். ஓடும் தூரமும் அதிகம். அதனால் அதற்குக் காப்புறுதிக் கட்டணம் கூட. இதில் அநியாயம் எதுவும் இல்லை. ஆபத்து கூடிய சரக்குக்கு நாம் விலை கூட்டுவதைப் போன்றதே இது.

அந்தக் கூடுதல் கட்டணத்தை மிச்சம் பிடிக்க, பல உரிமையாளர்கள் "பிரைவேட்" என்று எழுதிவிட்டு வாடகைக்கு விடுகிறார்கள். சில முகவர்களும் "அப்படியே போடுங்கள், ஒன்றும் ஆகாது" என்று கூறிக் கையொப்பம் வாங்கிவிடுகிறார்கள். விபத்து நடக்கும் வரை ஒன்றும் ஆவதில்லை என்பது உண்மைதான். விபத்து நடந்த பின்னர் நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு புடவை வியாபாரி, பழகிய ஒருவரிடமிருந்து மூன்று நாட்களுக்கு வேன் எடுத்தார். மழையில் வழுக்கி மதகில் மோதினார். யாருக்கும் காயமில்லை, வேனின் முன்பக்கம் போய்விட்டது. காப்புறுதிக் கம்பனியின் மதிப்பீட்டாளர் வந்தார். சேதத்தைப் படம் பிடித்துவிட்டுச் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். "வாகனம் உங்களுடையதா? உரிமையாளர் உங்களுக்கு என்ன உறவு?" அதற்கு முன்னரே உரிமையாளர் தொலைபேசியில் சொல்லியிருந்தார், "மச்சான் என்று சொல்லுங்க, வாடகை என்று மட்டும் வாயைத் திறக்காதீங்க" என்று. இவர் பொய் சொல்ல விரும்பவில்லை. நடந்ததைச் சொன்னார். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. உரிமையாளர் இவரைக் குற்றம் சாட்டினார், இவர் உரிமையாளரைக் குற்றம் சாட்டினார். இறுதியில் ஊர்ப் பெரியவர்கள் இருந்து ஆளுக்குப் பாதியென்று தீர்த்து வைத்தார்கள். இருபது வருடப் பழக்கம் அந்த வேனுடன் சேர்ந்து நொறுங்கியது.

"பொய் சொல்லியிருந்தால் சல்லி கிடைத்திருக்குமே" என்று இந்தக் கதையைக் கேட்ட சிலர் என்னிடம் சொன்னார்கள். அவர்களுக்கு வியாபார மொழியிலேயே பதில் சொல்கிறேன். காப்புறுதி என்பது இரு தரப்பும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்ற அடிப்படையில் நிற்கும் ஒப்பந்தம். பொலிஸில் ஒரு வாக்குமூலம், கம்பனியிடம் இன்னொரு வாக்குமூலம் என்று கொடுத்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவர்களுக்கு அதிக நேரம் பிடிக்காது. வாடகைப் பணம் வங்கியில் போட்ட சீட்டும், தொலைபேசியில் அனுப்பிய செய்தியும் போதும். அப்போது கோரிக்கை மறுக்கப்படுவதோடு நிற்காது, மோசடி என்ற பெயரும் சேரும். வங்கியிலும் சந்தையிலும் நமக்கிருக்கும் நல்ல பெயர் ஒரு வேனின் முன்பக்கத்தை விடப் பெறுமதியானது. தகாபுல் எடுத்தவர்களுக்கும் இதே கதைதான். பங்களிப்பு முறை வேறாக இருக்கலாம், பாவனையை மறைத்து எழுதினால் அங்கும் கோரிக்கை நிற்காது.

சரி, வாகனம் முறையாக ரென்ட் என்றே காப்புறுதி செய்யப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் சில செலவுகள் உங்கள் தலையில்தான் விழும். அவற்றை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

விபத்தின்போது முதல் பகுதித் தொகையை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்று பத்திரத்தில் இருக்கலாம். இதனை "எக்ஸஸ்" என்பார்கள். வாடகை ஒப்பந்தம் அதை உங்கள் பக்கம் தள்ளிவிடும். கோரிக்கை வைத்ததால் உரிமையாளர் இழக்கும் "நோ கிளைம் போனஸ்" கழிவையும் உங்களிடம் கேட்கலாம். இவற்றையெல்லாம் விடப் பெரியது, வாகனம் கராஜில் நிற்கும் நாட்களுக்கான வாடகை. காப்புறுதிக் கம்பனி தகரத்துக்கும் பெயின்டுக்கும் பணம் தரும், உரிமையாளர் இழந்த வருமானத்துக்குத் தராது. கணக்குக்காக நாளொன்றுக்கு 12,000 ரூபா வாடகை என்று எடுங்கள். உதிரிப்பாகம் கிடைக்காமல் வேன் 25 நாட்கள் நின்றால் 3 இலட்சம் ரூபா. மூன்று நாள் பயணத்துக்கு 36,000 ரூபா கொடுக்க எடுத்த வேனுக்கு இது மேலதிகம்.

அடுத்தது காப்புறுதி செய்த பெறுமதி. வாகன விலை ஏறிய பிறகும் பழைய பெறுமதியிலேயே பத்திரத்தைப் புதுப்பித்து வருபவர்கள் பலர். உண்மையான சந்தைப் பெறுமதி 90 இலட்சம், பத்திரத்தில் இருப்பது 50 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். குறைவாகக் காப்புறுதி செய்தால் நட்டஈட்டையும் அதே விகிதத்தில் குறைக்கும் நிபந்தனை அந்தப் பத்திரத்தில் இருந்தால், 18 இலட்சம் ரூபா சேதத்துக்குக் கிடைப்பது 10 இலட்சம் மாத்திரமே. மீதி 8 இலட்சத்தை யார் கொடுப்பது? வாடகை ஒப்பந்தத்தில் "சேதம் அனைத்துக்கும் எடுப்பவரே பொறுப்பு" என்று ஒரு வரி இருந்தால், பதில் உங்களுக்குத் தெரியும்.

வெள்ளத்தையும் கலவரத்தையும் மறந்துவிடக் கூடாது. இவை அடிப்படைப் பத்திரத்தில் தாமாக வந்து சேர்வதில்லை. மேலதிகக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டியவை. 2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்தபோதும், 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்தபோதும் வெள்ளம் என்ன செய்யும் என்பதைக் கண்டோம். 2014இல் அளுத்கமையிலும், 2018இல் திகனையிலும், 2019 மே மாதம் மினுவாங்கொடையிலும் தீ என்ன செய்யும் என்பதை நம்மவர்கள் அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள். வேலைநிறுத்தம், கலகம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான அந்த மேலதிகக் காப்பு இல்லாத வாகனம் எரிந்தால் காப்புறுதிக் கம்பனியின் வாசலில் நின்று பயனில்லை.

நமது வியாபாரிகள் அடிக்கடி கவனிக்கத் தவறும் இன்னொன்று, வேனுக்குள் இருக்கும் சரக்கு. புறக்கோட்டையில் 15 இலட்சம் ரூபாவுக்குத் துணி வாங்கி வேனில் ஏற்றி வருகிறோம். வேன் புரண்டால் மோட்டார் காப்புறுதி வேனைத்தான் பார்க்கும், துணியைப் பார்க்காது. சரக்குக்கு வழியிடைச் சரக்குக் காப்புறுதி என்று தனியாக எடுக்க வேண்டும். மாதத்துக்கு நான்கு முறை சரக்கு ஏற்றுபவர் அதை விசாரித்துப் பார்க்காமல் இருப்பது, கடைக்குப் பூட்டு வாங்காமல் இருப்பதற்குச் சமம்.

யார் ஓட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இருக்கும். இரவில் தூக்கம் வருகிறது என்று மைத்துனரிடமோ மகனிடமோ சாவியைக் கொடுக்கிறோம். அவரிடம் அந்த வகை வாகனத்துக்கான சாரதி அனுமதிப்பத்திரம் இல்லையென்றால், எவ்வளவு நல்ல பத்திரமும் அந்த இடத்தில் செத்துவிடும். இருவர் ஓட்டுவதாக இருந்தால் இருவரின் பெயரையும் முதலிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இனி வாகனத்தைக் கொடுப்பவர்களுக்கு. பிரைவேட் பத்திரத்துடன் வாடகைக்குக் கொடுப்பவர், சில ஆயிரம் ரூபா வாடகைக்காக முழு வாகனத்தையும் பணயம் வைக்கிறார். லீசிங்கில் உள்ள வாகனமாக இருந்தால் அதன் முழு உரிமையாளர் லீசிங் கம்பனி. வாகனம் நொறுங்கினாலும் தவணை நிற்காது. வாகனம் இன்னொருவரை மோதி உயிரிழப்பு ஏற்பட்டால், சட்டத்தின் காரணமாகக் காப்புறுதிக் கம்பனி அந்தக் குடும்பத்துக்கு நட்டஈடு கொடுக்க நேர்ந்தாலும், நிபந்தனையை மீறிய உரிமையாளரிடம் அதைத் திருப்பி அறவிடும் உரிமையைப் பத்திரத்தில் வழமையாக எழுதி வைத்திருப்பார்கள். வாடகைக்கு எடுத்துச் சென்றவர் வாகனத்தை எங்காவது அடகு வைத்துவிட்டுத் தலைமறைவாகும் சம்பவங்களும் நாட்டில் நடக்கின்றன. அதனைத் திருட்டு என்று கோரப் போனால், "நீங்களே விரும்பித்தானே சாவியைக் கொடுத்தீர்கள்" என்ற கேள்வி வரும். நம்பிக்கை மோசடிக்கும் திருட்டுக்கும் காப்புறுதியில் ஒரே பதில் கிடையாது.

இவ்வளவையும் சொன்னதும் ஒரு நியாயமான கேள்வி எழும். "முறையாக ரென்ட் என்று காப்புறுதி செய்தவரிடம் போனால் வாடகை கூடுதலாக இருக்கிறதே, சிறு வியாபாரிக்குக் கட்டுப்படியாகுமா?" வாடகை கூடுதல்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வித்தியாசத்தை வாடகை என்று பார்க்காதீர்கள். அது உங்களுக்கான காப்புறுதிக் கட்டணம். குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் வேனில் அந்தக் கட்டணத்தை யாரும் கட்டவில்லை. ஆபத்தை நீங்களே சுமக்கிறீர்கள் என்பதால்தான் அது மலிவு. மலிவான சரக்கு ஏன் மலிவு என்று கேட்காமல் வாங்கும் வியாபாரி நம்மில் யார்?

காப்புறுதிக் கம்பனிகளும் இதில் கை கழுவிவிட முடியாது. ஆயிரக்கணக்கான ரூபா கட்டணம் வாங்கிவிட்டு, பெரும்பாலும் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் நிபந்தனைகளை அடித்துக் கொடுத்தால், கிராமத்து வியாபாரி எதைப் புரிந்துகொள்வார்? "இந்த வாகனத்தை வாடகைக்கு விட்டால் காப்பு இல்லை" என்ற ஒரு வரியைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் சான்றிதழின் முகப்பில் போடுவதற்கு என்ன செலவாகும்? எப்போதாவது பெருநாளைக்கோ கல்யாணத்துக்கோ மட்டும் வாடகைக்கு விடுபவருக்கு, அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் மேலதிகக் கட்டணம் வாங்கிக் காப்பு நீட்டிக் கொடுப்பதை எல்லாக் கம்பனிகளும் இலகுவாக்கலாம். நேர்மையாக நடக்க இலகுவான வழி இருந்தால் மறைத்து எழுதுபவர்கள் குறைவார்கள். 2017இல் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு என்று பெயர் மாற்றம் பெற்ற முன்னைய காப்புறுதிச் சபையும் முகவர்களின் வாய்மொழி வாக்குறுதிகளில் கண் வைக்க வேண்டும்.

கோரிக்கை அநியாயமாக மறுக்கப்பட்டதாக ஒருவர் கருதினால் சோர்ந்துபோக வேண்டியதில்லை. மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறையிடுங்கள். அங்கு தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், ஆணைக்குழுவும் இருக்கிறது. ஆனால், சொந்தப் பாவனை என்று எழுதி வாடகைக்கு விட்ட வழக்கை எந்த ஒம்புட்ஸ்மனாலும் வெல்ல வைக்க முடியாது.

ஆகவே சகோதரர்களே, அடுத்த முறை வாடகைக்கு வாகனம் எடுக்கும்போது ஐந்து நிமிடம் செலவிடுங்கள். காப்புறுதிச் சான்றிதழை வாங்கி, வாகன இலக்கமும் திகதியும் சரியா, பாவனை என்ற இடத்தில் ரென்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் படித்த பிள்ளையிடம் காட்டுங்கள், அல்லது சான்றிதழில் உள்ள கம்பனியின் இலக்கத்துக்கு அழைத்து, "இந்த வாகனத்தை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டினால் காப்பு உண்டா?" என்று நேரடியாகக் கேளுங்கள். எக்ஸஸ் எவ்வளவு, கராஜில் நிற்கும் நாட்களுக்கு யார் பொறுப்பு, எவ்வளவு நாட்கள் வரை என்பதை எழுத்தில் போடச் சொல்லுங்கள். புறப்படும் முன் வாகனத்தைச் சுற்றிப் படம் எடுத்து வையுங்கள். விபத்து நடந்தால் வாகனத்தை அசைக்குமுன் காப்புறுதிக் கம்பனிக்கும் உரிமையாளருக்கும் அறிவியுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

சான்றிதழைக் கேட்டால் உரிமையாளர் முகம் சுளிப்பாரே, நம்பிக்கையில்லை என்று நினைப்பாரே என்று தயங்காதீர்கள். பத்திரம் சரியாக இருப்பவர் சந்தோஷமாக எடுத்து நீட்டுவார். முகம் சுளிப்பவரிடம் சாவியை வாங்காமல் திரும்பிவிடுங்கள்.